கடல்கோளும் நிலையாமைச் சிந்தனையும்

நெய்தல் நிலத்துக்குரிய உணர்வு இரங்கல் என்பது தமிழ் மரபு. கடல்மேற் சென்றவன் மீள்வானோ எனக் கரையிலிருப்பவள் கவல்வதை இன்றும் எந்த மீனவ ஊரிலும் காணலாம். அக்கவலையின் அடியில் ஒரு நம்பிக்கை உண்டு. ஆபத்துக் கடலில் இருக்கிறது, பாதுகாப்புக் கரையில் இருக்கிறது என்பதே அது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் அந்நம்பிக்கை தலைகீழாயிற்று. ஆழ்கடலில் நின்ற வள்ளங்களின் கீழாக அலை கடந்து சென்றது. அங்கு அது உயரம் குறைந்த ஒரு நீரேற்றம் மாத்திரமே. தொழிலில் இருந்தோர் பலர் அதனை உணரவுமில்லை. அவர்கள் மீண்டு வந்தபோது விட்டுச்சென்ற கரை இருக்கவில்லை. கடலுக்குப் போனவன் உயிரோடு திரும்பினான். வீட்டில் இருந்தவள் மாண்டுபோயிருந்தாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, போயா விடுமுறை, நத்தாரின் மறுநாள். காலை ஏழு மணியளவில் சுமாத்திராத் தீவின் மேற்கே கடலடியில் நிலம் நடுங்கிற்று. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தின் பின் அலை இலங்கையின் கிழக்குக் கரையை அடைந்தது. வடமராட்சிக் கிழக்கு, முல்லைத்தீவு, நாவலடி, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, திருக்கோவில் எனக் கரையோர ஊர்களை அழித்து, தெற்கே அம்பாந்தோட்டை, காலி வரை சுற்றி வந்தது. இலங்கையில் மட்டும் 30,000க்கு மேற்பட்டோரும், இந்து சமுத்திரக் கரைகள் யாவற்றிலும் சேர்த்து 2,25,000க்கு மேற்பட்டோரும் உயிரிழந்தனர். தென்கரையில் பெரலிய என்னும் இடத்தில் முதலலை ஒரு புகையிரதத்தை வழிமறித்து நிறுத்திற்று. அயலூரவர் பலர் உயரமான புகலிடம் அதுவே எனக் கருதி அதில் ஏறினர். அதனினும் பெரிய அலை பின்னர் வந்தது.

இத்தகைய செய்தியைக் கேட்கும் மனிதனுக்கு முதலில் எழுவது அறிவியல் வினா அன்று. கடலடித் தட்டுக்கள் நகர்ந்தன என்ற விடை அவனுக்குத் தெரிந்திருந்தாலும் அவனுடைய கேள்வி வேறு. எதற்காக நிகழ்ந்தது? அவன் ஏன் மாண்டான்? இவள் ஏன் பிழைத்தாள்? எப்படி நிகழ்ந்தது என்பதற்கும் எதற்காக நிகழ்ந்தது என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தைச் சமயமும் மெய்யியலும் பன்னெடுங்காலமாக அளந்து வந்துள்ளன. அளந்து முடிந்ததாகச் சொல்ல முடியாது.

தமிழிலே இவ்வினாவுக்குக் கிடைத்த மிகப் பழைய விடைகளுள் ஒன்று மணிமேகலையில் உள்ளது. இந்திர விழா எடுக்கப்படாமையால் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டது என்பது அக்காப்பியம் கூறும் காரணம். இதனை அறியாதார் இலர். ஆயின் விழா ஏன் எடுக்கப்படவில்லை என்பதையும் காப்பியமே கூறுகிறது; அதனைப் பலரும் கவனிப்பதில்லை. சோழ மன்னனுக்கும் நாகநாட்டுப் பீலிவளைக்கும் பிறந்த குழந்தையை ஏற்றிக்கொண்டு மணிபல்லவத்திலிருந்து புறப்பட்ட மரக்கலம் உடைந்தது. மணிபல்லவம் நயினாதீவே என்று கொள்வார் பலர். கடலில் மகவைத் தொலைத்த மன்னன் அதனைத் தேடி அலைந்த துயரில் விழாவை மறந்தான். கடலிற் பிள்ளையை இழந்த தந்தையின் துயரமே குற்றமாகி, அக்குற்றத்துக்காக ஊர் முழுவதையும் கடல் கொண்டது என்று கதை முடிகிறது. தண்டனைக் கொள்கையின் கொடுமையை இதனினும் தெளிவாக எந்த எதிர்ப்பாளனும் எடுத்துக்காட்டியிருக்க முடியாது. சாத்தனார் அதனைக் காட்டவென்றே எழுதினாரா என்பது வேறு விடயம்.

ஐரோப்பாவில் இவ்வினாவைக் கூர்மைப்படுத்தியது லிஸ்பன் நகர அழிவு. 1755ஆம் ஆண்டு நவம்பர் முதலாம் நாள், புனிதர் அனைவரையும் நினைவுகூரும் திருநாளன்று, மக்கள் தேவாலயங்களில் நிறைந்திருந்த வேளையில் நிலம் அதிர்ந்தது. கடலும் பொங்கிற்று, எஞ்சியதைத் தீ உண்டது. உள்ளவை யாவும் நன்மைக்கே என்று கூறிவந்த மெய்யியலை வோல்தயர் தம் கவிதையில் வன்மையாகச் சாடினார். அதற்கு 1756இல் ரூசோ எழுதிய மறுமொழிக் கடிதத்தில் ஓரிடம் இன்றும் நின்று சிந்திக்கத்தக்கது. ஆறு மாடியும் ஏழு மாடியுமான வீடுகளை ஆயிரக்கணக்கில் நெருக்கிக் கட்டியது இயற்கை அன்று என்பது அவர் வாதம். கடவுளைக் காப்பாற்றும் நோக்குடன் எழுதப்பட்ட கடிதமே அது. ஆயினும் அழிவைப் பற்றிய விசாரணையை அது விண்ணிலிருந்து வீதிக்கு இறக்கிவிட்டது எனலாம்.

தென்னாசியாவில் இவ்விவாதம் இரு பெரியோர்களுக்கிடையே நிகழ்ந்தது. 1934ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் பீகாரை நிலநடுக்கம் அழித்தது. அப்பொழுது தீண்டாமை ஒழிப்புச் சுற்றுப்பயணத்தில் ஈடுபட்டிருந்த காந்தியடிகள் திருநெல்வேலியில் பேசுகையில், தீண்டாமை என்னும் பாவத்துக்கு இறைவன் அனுப்பிய தண்டனையே அது எனத் தாம் கருதுவதாகக் கூறினார். தாகூர் இதனை மறுத்தார். இயற்கை நிகழ்ச்சிகளுக்கு இயற்கைக் காரணங்களே உண்டு என்பது அவருடைய முதல் வாதம். இரண்டாவது வாதமே இங்கு முக்கியமானது. இத்தகைய தர்க்கம் காந்தியின் எதிரிகளுக்கே பொருத்தமானது. சாதி ஆசாரத்தைச் சிதைத்த காந்தியின் செயலாலேயே பூமி நடுங்கிற்று என்று வைதிகர் கூறினால் அதற்கு மறுமொழி யாது என அவர் வினவினார். காந்தியடிகள் அம்மறுப்பைத் தம்முடைய பத்திரிகையிலேயே வெளியிட்டார். தம் நம்பிக்கையைக் கைவிடவில்லை. அவருடைய நோக்கம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயின் இவ்வழக்கில் தாகூரின் பக்கமே நியாயம் இருக்கிறது. தண்டனைக் கொள்கை எவர் கைக்கும் பொருந்தும் கருவி. 2004இன் பின்னர் இலங்கையிலும் எல்லாச் சமயத்தாரிடையேயும் அது எடுத்தாளப்பட்டது. எடுத்தவர்கள் சுட்டிய பாவம் பெரும்பாலும் பிறருடையதாகவே இருந்தது.

தண்டனைக் கொள்கையைக் கைவிட்டவனுக்கு எஞ்சியிருப்பது நிலையாமைக் கொள்கை. யாரும் குற்றவாளி அல்லர். பிறந்தது இறக்கும், நேற்றிருந்தது இன்றில்லை என்பதை உணர்ந்து அமைக என அது கூறும். வள்ளுவர் நிலையாமையைத் துறவறவியலில் வைத்தார். நாலடியார் செல்வம், இளமை, யாக்கை என ஒவ்வொன்றன் நிலையாமையையும் தொடக்கத்திலேயே தனித்தனியே பேசுகிறது. பௌத்தத்தின் அடிப்படையே அநித்தியம். இந்நாட்டின் எல்லாச் சமயத்தாரும் செத்த வீட்டில் ஏதோ ஒரு வடிவில் இதனையே கூறி ஆறுதல்படுகின்றனர். பழியைச் சுமத்தாமையால் இது தண்டனைக் கொள்கையிலும் மேலானது. அன்றியும் இது உண்மை. ஆனால் எந்நிலையிலும் எவருக்கும் சமமாகப் பொருந்தும் உண்மையொன்று, குறித்த ஒரு நாளில் குறித்த சிலர் மாண்டதை எவ்வளவு தூரம் விளக்கும் என்ற வினா எழுகிறது.

ஏனெனில் அலை எல்லோரையும் சமமாகக் கொள்ளவில்லை. அம்பாறைக் கரையோரத்தில் இடம்பெயர்ந்தோரிடையே பின்னர் மேற்கொள்ளப்பட்ட ஆய்வொன்று, ஆண்களைக் காட்டிலும் பெண்கள் ஏறக்குறைய இருமடங்கு வீதத்தில் மாண்டதையும், சிறுவரும் முதியோருமே மிகுதியாக அழிந்ததையும் காட்டிற்று. வீட்டுக்குள் இருந்தோர் வெளியில் இருந்தோரிலும் அதிகமாக இறந்தனர். பெண்கள் வீட்டில் இருந்தனர். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினர். சேலை காலைப் பின்னிற்று. நீந்தவும் மரமேறவும் அவர்களுக்கு எவரும் கற்பித்திருக்கவில்லை. கரையோரத்து ஓலை வாடியில் இருந்தவனுக்கும், உள்ளே தள்ளிக் கட்டிய மாடி வீட்டில் இருந்தவனுக்கும் நிலையாமை ஒன்றுதான். ஆயின் நீரின் உயரம் ஒன்றன்று. பசிபிக் சமுத்திரத்துக்குப் பல ஆண்டுகளாக எச்சரிக்கை அமைப்பொன்று இருந்தது. ஹவாயிலிருந்த அந்நிலையம் நிலநடுக்கத்தைச் சில நிமிடங்களிலேயே அறிந்துகொண்டது. இந்து சமுத்திரக் கரைகளுக்கு அதனைச் சொல்ல ஒரு வழி அமைக்கப்பட்டிருக்கவில்லை. இரண்டு மணி நேரம் இருந்தது, சொல்வாரில்லை. இதனை நிலையாமை என்று அழைப்பது அச்சொல்லுக்குச் செய்யும் அநீதி.

எனவே நிலையாமையை முற்றாகத் தள்ளிவிடலாமா என்றால், அதுவும் பொருந்தாது. கிசா கோதமியின் கதையை இவ்விடத்தில் நினைத்துப் பார்க்கலாம். இறந்த குழந்தையை ஏந்தி மருந்து கேட்டு வந்த தாயிடம், இறப்பு நிகழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கிவரும்படி புத்தர் பணித்தார். அவள் வீடு வீடாகச் சென்று, அத்தகைய வீடு இல்லை என்று கண்டு தெளிந்தாள். இறப்பு எல்லோருக்கும் பொது என்ற போதனையாகவே இது பெரும்பாலும் எடுத்துரைக்கப்படுகிறது. அவ்வளவே கருத்தாயின் புத்தர் அதனை ஒரே வாக்கியத்தில் அவளுக்குச் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை, நடக்கவிட்டார். ஒவ்வொரு வாசலிலும் அவள் நின்றாள். ஒவ்வொரு வீட்டாரும் தம்முடைய இழப்பை அவளுக்குச் சொல்லியிருப்பர். அவளைத் தெளிவித்தது அந்தக் கேட்டல். பொதுவுண்மை ஒன்று தூரத்திலிருந்து உபதேசிக்கப்படும்போது புறக்கணிப்பாகவும், வாசலில் நின்று கேட்கப்படும்போது ஆறுதலாகவும் ஆகிறது. மருதமுனையில் இருந்தவருக்குப் பாண்டிருப்பில் இருந்தவரும், காலியில் இருந்தவருக்கு முல்லைத்தீவில் இருந்தவரும் வாசலாக அமையக்கூடிய சில நாட்கள் அன்று உண்மையாகவே இருந்தன. அந்நாட்களில் உணவுப் பொதிகளும் உடைகளும் இன எல்லை பாராது சென்றன.

இறந்தோர் ஒருபுறமிருக்க, காணாமற்போனோர் என்றொரு பிரிவும் இருந்தது. மரபான நிலையாமைச் சிந்தனை வாழ்வு நிச்சயமற்றது, மரணம் நிச்சயமானது என்ற எதிர்நிலையின் மீது எழுப்பப்பட்டது. இங்கோ மரணமே நிச்சயமற்றதாயிற்று. அடையாளம் காண இயலாத உடல்கள் நிழற்படம் எடுக்கப்பட்டும் எடுக்கப்படாமலும் கூட்டாகப் புதைக்கப்பட்டன. எரிக்கும் வழக்கமுடையோரும் புதைக்கப்பட்டனர். குளிப்பாட்டிக் கபனிட்டு அடக்க வேண்டியோர் அவ்வாறு அடக்கப்படவில்லை. எட்டுச் செலவை எந்நாளிலிருந்து எண்ணுவது? அந்தியேட்டிக்குத் திதி எது? கல்வெட்டு அச்சிடுவதா, பொறுத்திருப்பதா? காணாமற்போனோரின் இறப்பைப் பதிவு செய்வதற்கென 2005இல் தனிச் சட்டமொன்று இயற்றப்பட்டது. சட்டம் பத்திரத்தைத் தரும். பத்திரத்தைப் பெற்ற தாய், தானே முன்வந்து தன் பிள்ளை இறந்துவிட்டதாகக் கையொப்பமிட்டவள் ஆகிறாள். சடங்குகளைப் பழமை என்று எள்ளுவோர் பல்கலைக்கழகச் சூழலிற் பலருளர். இறப்புக்கு ஒரு நாளும் ஒரு இடமும் வேண்டும் என்பதை அச்சடங்குகள் எவ்வளவு ஆழமாக அறிந்திருந்தன என்பது, அவை இயலாமற்போன வேளையிலேதான் தெரிந்தது.

இனி, நினைவைப் பற்றிய வினாவுக்கு வரவேண்டும். கடல்கோள் என்ற சொல் தமிழில் நெடுங்காலமாக உண்டு. சங்கங்கள் இருந்த ஊர்களைக் கடல்கொண்டதாக இறையனார் களவியல் உரை கூறுகிறது; புகாரைக் கடல்கொண்டதை மணிமேகலை கூறுகிறது. இவ்வளவு இருந்தும், 2004இல் கடல் பின்வாங்கியபோது அதன் பொருள் இன்னதென்று கரையில் நின்ற எவருக்கும் தெரியவில்லை. வெளிப்பட்ட கடற்றரையில் துடித்த மீன்களைப் பொறுக்கச் சிறுவர் ஓடினர். தமிழரிடம் சொல் இருந்தது, அறிவு இருக்கவில்லை. நிகழ்ச்சிக்குப் பெயரிடவும் ஒரு ஜப்பானியச் சொல்லே இரவோடிரவாக வந்து சேர்ந்தது.

இதற்கு நேர்மாறான சான்று நிலநடுக்க மையத்துக்கு மிக அருகிலேயே இருந்தது. சுமாத்திராவுக்கு மேற்கே சிமலுவே என்றொரு தீவு உண்டு. 1907இல் அங்கு ஒரு பேரலை வந்து பலரைக் கொன்றது. அத்தீவினர் அதனை ஸ்மொங் என்ற தம் சொல்லால் நினைவில் வைத்துக்கொண்டனர். நிலம் பலமாக அதிர்ந்து கடல் பின்வாங்கினால் மலைக்கு ஓடுக என்பதைத் தாலாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். 2004இல் அலை அவர்களை அடைய அதிக நேரம் செல்லவில்லை. எச்சரிக்கைக் கருவி எதுவும் அவர்களிடம் இருக்கவுமில்லை. ஏறத்தாழ 78,000 மக்கள் வாழ்ந்த அத்தீவில் மாண்டோர் ஏழு பேர்.

இவ்விரண்டு நினைவுகளையும் அருகருகே வைத்து நோக்கவேண்டும். ஒன்று காப்பியமாயிற்று, மற்றது தாலாட்டாக நின்றது. காப்பியம் யாருடைய குற்றத்தால் கடல் வந்தது என்று விசாரித்தது. தாலாட்டு கடல் வந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் சொன்னது. அழகிலும் ஆழத்திலும் காப்பியத்துக்கு நிகர் அத்தாலாட்டு ஆகாதிருக்கலாம். ஆயினும் வாழ்வு நிலையற்றது என்பதை உண்மையில் உணர்ந்தவர் யார் என்று கேட்டால், அத்தீவினரையே சுட்டவேண்டியுள்ளது. தம் பிள்ளை எந்த நாளிலும் அழியக்கூடும் என்பதை அவர்கள் ஒரு தத்துவமாக ஏற்று அமைதியடையவில்லை. அதனை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டு, நூறாண்டளவாக ஒவ்வொரு பிள்ளைக்கும் மீண்டும் மீண்டும் சொன்னார்கள்.

நிலையாமையிலிருந்து துறவைத் தவிர வேறொன்றும் பிறக்காது என்று கருதுவோருக்குத் தமிழ் இலக்கியத்திலேயே விடை உண்டு. கணியன் பூங்குன்றனார் ஆற்றுநீரில் அடித்துச் செல்லப்படும் புணையாக உயிரைக் கண்டார். கண்டபின் காட்டுக்குச் செல்லுமாறு எவரையும் அவர் பணிக்கவில்லை. பெரியோரை வியவாமலும் சிறியோரை இகழாமலும் இருத்தலே அக்காட்சியிலிருந்து அவர் பெற்ற முடிவு. அதாவது, நிச்சயமின்மை பற்றிய அறிவு அவரிடத்தில் பிற மனிதரைப் பார்க்கும் பார்வையாக மாறியது. அப்பாட்டின் முதலடியை மேடைதோறும் முழங்குவோர் அந்த இறுதிப் பகுதிக்கு வருவது அரிது.

அப்பார்வை 2004இன் பின் இந்நாட்டில் எவ்வளவு காலம் நின்றது? அலை மிகப் பெரிய அழிவை ஏற்படுத்திய இரு நிலங்களிலும், அச்சேயிலும் இலங்கையிலும், அப்பொழுது நெடிய உள்நாட்டுப் போர்கள் தீராதிருந்தன. அச்சேயில் 2005 ஓகஸ்ட் 15ஆம் நாள் ஹெல்சிங்கியில் சமாதான உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அங்கு போர் முடிந்தது. இலங்கையில் நிவாரணப் பணிக்கான கூட்டு ஏற்பாடொன்று 2005 ஜூனில் கைச்சாத்தாயிற்று. சில வாரங்களில் அதன் முக்கிய பகுதிகள் உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடைக்குள்ளாயின. 2006இல் போர் மீண்டும் மூண்டது. அலை விட்டுவைத்த முல்லைத்தீவுக் கரையின் மக்கள் 2009இல் பட்டது உலகறிந்தது. இவ்வேறுபாட்டுக்கு அரசியற் காரணங்கள் பல உண்டு. அச்சேயில் பேச்சுவார்த்தைக்கான முயற்சி அலைக்கு முன்னரே தொடங்கியிருந்தது என்பதும் மறக்கற்பாலதன்று. எனினும் ஒரே காலையில், ஒரே அலையால், ஒரே பாடத்தை இரு நாடுகளும் பெற்றிருந்தால் விளைவு இவ்வளவு வேறாக இருந்திராது. மரணம் எதையும் கற்பிப்பதில்லை. அது நிகழ்கிறது, அவ்வளவே. கற்பதும் கல்லாதொழிவதும் உயிரோடிருப்போரின் செயல். அழிவு மனிதரைத் திருத்தும் என்று எதிர்பார்ப்பது, அழிவு மனிதரைத் தண்டிக்கும் என்ற பழைய கொள்கையின் இன்னொரு முகமேயாகும்.

இன்று பல்கலைக்கழகங்களிற் பயில்வோர் பெரும்பாலும் அன்று கைக்குழந்தைகளாக இருந்தவர், அல்லது பிறந்திராதவர். அவர்களுக்கு அந்நாள் நினைவன்று, கேள்விப்பட்ட கதை. ஒரு கதை காப்பியமாவதோ தாலாட்டாவதோ இத்தகைய தலைமுறையிலேயே தீர்மானமாகிறது. அன்றைய பேரழிவின் விளைவாக இந்நாட்டில் 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இயற்றப்பட்டது. இந்து சமுத்திரத்துக்கும் ஓர் எச்சரிக்கை அமைப்பு ஏற்பட்டுள்ளது. கரையோரங்களில் ஒலிபெருக்கிக் கோபுரங்கள் நிற்கின்றன. டிசெம்பர் 26 தேசிய பாதுகாப்புத் தினமாக அறிவிக்கப்பட்டு, ஆண்டுதோறும் காலை 9.25 முதல் 9.27 வரை நாடெங்கும் மௌன அஞ்சலி செலுத்தப்படுகிறது. தென்கரையில் பேரலை எழுந்த வேளையை ஒட்டியது அந்நேரம். கிழக்குக் கரையில் அலை அதற்கு முன்னரே ஏறிவிட்டிருந்தது. நாடு எழுந்து நின்று மௌனம் காக்கத் தொடங்கும் கணத்தில், கல்முனையிலும் நாவலடியிலும் திருக்கோவிலிலும் உள்ளோர் தமது மௌனத்தைத் தொடங்கிச் சிறிது நேரமாகியிருக்கும்.